பதினைந்து மீட்டரும் எட்டு மீட்டரும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். நிலவியல் படித்தவர்கள் எழுதவேண்டியதை நான் எழுதுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது நான் செய்த தவறுதான். அதை எழுதுகிறேன்.

வேலை என்னவென்றால்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி எங்கள் அலுவலகம். இரண்டு அறை. கனமான மெஷின் வைக்கப்போகிற கம்பெனிகள், அடியில் மண் எப்படி இருக்கிறது என்று எங்களிடம் கேட்பார்கள். மண்ணைப் பார்க்கத் துளையிட்டுப் போர் போட்ட இடத்தில் எத்தனை மீட்டரில் என்ன மண் என்று எழுதி வருகிற தாள்களை டைப் செய்யத்தான் என்னைச் சேர்த்தார்கள். பிறகு சாஃப்ட்வேரும் கற்றுக்கொடுத்தார்கள்.

தரையில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக அதிர்வை உணரும் ஜியோபோன் கருவிகள் இருபத்து நான்கை வரிசையாக ஊன்றுவார்கள். இரும்புத் தட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்த அதிர்வு ஒவ்வொரு ஜியோபோனுக்கும் எப்போது வந்து சேர்ந்தது என்பது ஃபைலாக என் கம்ப்யூட்டருக்கு வரும். திரையில் ஜியோபோனுக்கு ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு கோட்டிலும் அதிர்வு தொடங்கும் இடத்தில் நான் ஒரு புள்ளி வைக்கவேண்டும். இதைப் பிக்கிங் என்போம். புள்ளிகளை வைத்து மேல் மண்ணில் அதிர்வு என்ன வேகத்தில் போகிறது, கெட்டி அடுக்கு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சாஃப்ட்வேர் படம் போட்டுக்காட்டும். அந்தப் படத்தின் மேல் போர் விவரத்தை ஒரு செங்குத்துக் கம்பம்போல நிறுத்துவோம். கம்பத்தில் உள்ள கெட்டி அடுக்கும் படத்தில் உள்ள கெட்டி அடுக்கும் ஒரே ஆழத்தில் வந்தால் வேலை முடிந்தது.

ஒத்துவராத காலை

இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் மெஷின் வைக்கப்போகிற ஒரு கம்பெனியின் வேலை. போர் இருந்தது மேற்கு முனையில். அதில் பதினோரு மீட்டரில் கெட்டி அடுக்கு. என் படத்திலோ மேற்கு முனையில் பதினைந்து மீட்டர் காட்டியது. புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் பதினைந்துதான்.

எங்கள் சார் ஞானசேகரன் நிலவியல் படித்தவர். நல்லவர்தான். ஆனால் அவர் அறைக்குள் போய் நிற்கவே எனக்குப் பயம். அன்று காலையில் மூன்றுமுறை எட்டிப் பார்த்து, “ஆச்சாம்மா? மெயில் போகணும்” என்றார். கேட்கப் பயந்துகொண்டு நானே ஒரு காரியம் செய்தேன். மேல் மண்ணில் அதிர்வின் வேகம் விநாடிக்கு எழுநூறு மீட்டர் என்று புள்ளிகள் காட்டின. அதைக் கையால் ஐந்நூறாகக் குறைத்தேன். வேகம் குறைந்தால் ஆழமும் குறையும். பதினைந்து பதினொன்றாகி, போரோடு கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கிழக்கு முனையில் இருந்த பதினொன்று எட்டாக மாறியது. பிரஸ் வரப்போவது அந்தக் கிழக்கு முனையில்தான்.

“கன்ஃபார்மா?” என்று சார் கேட்டார். தலையாட்டினேன். மெயில் போனது.

டேவிட் அண்ணன் வந்தார்

மூன்று மணிக்கு டேவிட் அண்ணன் பேட்டரிகளைச் சார்ஜ் போட வந்தார். ஃபீல்டில் கேபிள் போடுவதும் சம்மட்டி அடிப்பதும் அவருடைய ஆட்கள்தான்.

“இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? கம்ப்யூட்டரு அடிச்சிடுச்சா?”

“ஒண்ணுமில்லண்ணே. பிரஸ் கம்பெனி வேலை இப்பதான் முடிஞ்சுது.”

“அய்யோ, அங்க செம பேஜாரு. மேக்கால முழுக்க சேறு. வேன எறக்குனா கிரேன் வச்சுதான் தூக்கணும். கெழக்கால நிறுத்திட்டு, அங்கேர்ந்து கேபிள இழுத்துக்கினு வந்தோம்.”

“அப்போ ஒண்ணாம் நம்பர் ஜியோபோன் எந்தப் பக்கம்ணே?”

“வேன் எங்க நிக்குதோ அங்கதான் ஒண்ணு. எப்பவும் அப்பிடித்தான போடுறோம்? ஃபீல்டு ஷீட்டுல அம்பு போட்டுக்கீறேனே, பாக்கல?”

பார்க்கவில்லை. வேன் எப்போதும் மேற்கே, ரோட்டுப் பக்கமே நிற்கும் என்பதால் அந்த அம்புக்குறியைப் பார்க்கும் வழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. ஷீட்டை எடுத்தேன். அம்பு கிழக்கிலிருந்து மேற்காகப் போனது. ஒன்றாம் நம்பரை மேற்கு முனை என்று வைத்து, வரிசை முழுவதையும் நான் தலைகீழாக ஏற்றியிருக்கிறேன்.

டேவிட் அண்ணன் போனபிறகு வரிசையைத் திருப்பி ஏற்றினேன். வேகத்தைப் பழையபடி எழுநூறுக்கு விட்டேன். எதையும் தொடவில்லை. போர் இருந்த மேற்கு முனையில் பதினொன்று வந்தது. கிழக்கில் பதினைந்து. நாங்கள் எட்டு என்று எழுதிக்கொடுத்திருந்தோம். மெஷினைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களைப் பைல் என்போம். எட்டில் நிறுத்தினால் அந்தப் பைல்கள் கெட்டி அடுக்கைத் தொடாமல் களிமண்ணில் நிற்கும். அதன்மேல்தான் பிரஸ் உட்காரும்.

போன்

சாரின் கதவருகே போய் இரண்டுமுறை திரும்பி வந்தேன். இந்த வேலை போனால் வேறு யார் என்னைச் சேர்ப்பார்கள் என்ற நினைப்புதான். ஆனால் பைல் இறக்கும் ரிக் மெஷின் மறுநாள் காலை வருகிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறை உள்ளே போனேன். சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, காலைல கன்ஃபார்மான்னு கேட்டேனே? தலைய ஆட்டுனியே?”

“ஆட்டுனேன் சார்.”

“ஒத்துவரலைன்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

அவர் என் படத்தை வந்து பார்த்தார். ஷீட்டையும் பார்த்தார். பிறகு கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் பக்கம் நகர்த்தினார். “நீதான் பண்ணுன. நீயே சொல்லு.”

சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டுமுறை “சத்தமா பேசுங்கம்மா” என்றார் மேனேஜர். புரிந்ததும் கத்தினார்.

“இன்னா, வெளையாடுறீங்களா? காலைல எட்டுன்னு மெயிலு. இப்போ பதினஞ்சுன்றீங்க. ராத்திரி படுக்கப் போறதுக்குள்ள எத்தினி சொல்லுவீங்க?”

“சார், எட்டு தப்பு. அது போரோட ஒத்துவரணும்னு நான் கையால வேகத்த மாத்துனேன். இப்போ எதையும் மாத்தல. தானா ஒத்துவருது.”

“நீங்களே மாத்துனீங்களா?”

“ஆமா சார்.”

மேனேஜரின் குரல் இறங்கியது. “அந்த மெஷினச் சுத்தி ஷிப்டுக்கு நாப்பது பேரு நிப்பாங்கம்மா.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

“சரி. நாளைக்கு பைல் வேணாம். கெழக்கால மொதல்ல ஒரு டெஸ்ட் போர் போடுறோம். பதினஞ்சுல வரலைன்னா உங்க வேன் எங்க கேட்டத் தாண்டாது, சொல்லிட்டேன்.”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படமும் போரும் ஒத்துவரவில்லை என்றால் சாஃப்ட்வேரில் எண்ணை மாற்றாதீர்கள். எந்த எண்ணை வேண்டுமானாலும் அது ஏற்றுக்கொள்ளும், ஏன் என்று கேட்காது. எழுந்துபோய் ஃபீல்டுக்குப் போனவரிடம் கேளுங்கள். பயமாக இருந்தாலும் கேளுங்கள். எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை டெஸ்ட் போர் போட்டார்கள். பதினொன்றரை மணிக்குச் சார் வந்து, “பதினாலரைல கெட்டி வந்துடுச்சாம். ரிப்போர்ட்ட மாத்தி அனுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் சாப்பிடாமல் டப்பாவிலேயே வைத்திருந்த இட்லியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ரிப்போர்ட்டைத் திருத்த உட்கார்ந்தேன்.