பாடாலூர் ஓட்டலும் பார்லிமென்ட் பட்டிமன்றமும்

டெல்லியில பார்லிமென்ட் கூட்டத்தொடர் முடிஞ்சா அங்க உள்ளவங்க பெட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிருவாங்க. பெரம்பலூர்ல எங்களுக்கு அப்பதான் வேலையே ஆரம்பிக்கும். மறு ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க படிப்பகத்து வாசல்ல பந்தல் போட்டு, டியூப் லைட் கட்டி, பட்டிமன்றம் வைப்போம். தலைப்பு எப்பவும் ஒண்ணுதான்: 'நடந்து முடிந்த கூட்டத்தொடர் நாட்டுக்குப் பயனா, வீணா?' தலைப்ப மாத்தலாம்னு ஒருத்தன் சொன்னான். பேனர் புதுசா எழுதணுமேன்னு விட்டுட்டோம்.

நான் சொல்றது எழுபதுகளோட கடைசி. நான் அப்ப பெரம்பலூர்ல ஒரு கூட்டுறவு சங்கத்துல குமாஸ்தா. சம்பளம் கொஞ்சம், வாய் ஜாஸ்தி. பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் நிக்க வச்சாலும் பேசுவேன். போன தடவ 'பயன்'னு மேசையத் தட்டுனவன் இந்தத் தடவ 'வீண்'னு அதே மேசையத் தட்டுவேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் கெடையாது. யாரு எந்தப் பக்கம்ங்கறதப் படிப்பகச் செயலாளர் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணுவாரு. மனுசன் கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. சொந்த மச்சானுக்குக்கூட சீட்ட மாத்திக் குடுத்ததில்ல.

அந்த வருஷம் எங்க அக்கா எனக்குப் பொண்ணு பாத்தா. அக்காவ அரியலூர்ல கட்டிக் குடுத்திருந்தோம். அம்மா அப்பா போனதுக்கப்புறம் எனக்கு எல்லாம் அவதான். பொண்ணு பாடாலூர். பொண்ணோட அப்பா மெட்ராஸ் ரோட்டோரமா ஓட்டல் வச்சிருந்தாரு. லாரிக்காரங்க நிறுத்திச் சாப்புடற எடம். கல்லாவுக்கு மேல ஒரு ரேடியோ இருக்கும். அந்த மனுசனுக்கு ஒரே பைத்தியம்தான், பார்லிமென்ட் பைத்தியம். ரேடியோவுல டெல்லி சேதி வந்துட்டா, சட்னி கேக்கறவனுக்குச் சட்னி கெடைக்காது. ஓட்டல் வாசல்ல 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுற கரும்பலகை ஒண்ணு உண்டு. கூட்டத்தொடர் முடிஞ்ச அன்னிக்கு பூரி கெழங்க அழிச்சுட்டு அதுல மார்க் போடுவாரு. 'கேள்வி நேரம்: பாஸ். மசோதா: சுமார். கூச்சல்: முதல் வகுப்பு.' லாரிக்காரன் அதச் சாவகாசமா படிச்சுட்டு, "அண்ணே, இதுல எது சூடா இருக்கு?"ம்பான்.

வாயத் தொறந்தா ஆபத்துன்னு இருந்த ஒரு காலம் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. அதனாலயோ என்னவோ, டெல்லியில எவன் கத்துனாலும் அவருக்குக் கச்சேரி கேக்குற மாதிரி. "கத்தட்டும்ப்பா, கத்துறதுக்குத்தான ஓட்டுப் போட்டு அனுப்புனோம்"னு சொல்லுவாரு. ஆனா பார்லிமென்ட்டால பிரயோசனம் இல்லன்னு எவனாவது சொல்லிட்டா, அவனுக்கு அந்த ஓட்டல்ல தண்ணிகூட வைக்க மாட்டாரு.

பொண்ணு பாக்கப் போனோம். பஸ்ஸுலயே அக்கா ஆரம்பிச்சுட்டா. "டேய், வாயத் தொறக்காத. மாமான்னு கூப்புடு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." கேசரி வந்துச்சு, பஜ்ஜி வந்துச்சு, அப்புறம் கேள்வி வந்துச்சு. "தம்பி, பார்லிமென்ட்டப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"ன்னாரு. அக்கா என் தொடையில கிள்ளுனா. "நல்ல எடம் மாமா"ன்னேன். வூட்டுமனை பாத்துட்டு வந்தவன் மாதிரி சொல்லிட்டேன் போல. உள்ளேருந்து ஒரு சிரிப்பு கேட்டுச்சு.

சிரிச்சவதான் காபி கொண்டாந்தா. தலையெல்லாம் குனியல. நேராப் பாத்து, "சக்கர போதுமான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னா. படிப்ப முடிச்சுட்டு அவங்கப்பா ஓட்டல் கல்லாவுல ஒக்காந்திருந்தவ. லாரிக்காரங்கள அதட்டிப் பழகுன கண்ணு. எனக்கு அந்த எடத்துலயே கத முடிஞ்சு போச்சு. கட்டுனா இவளக் கட்டணும், இல்லன்னா காவி கட்டிக்கிட்டுக் காசிக்குப் போயிரணும்னு ஆயிடுச்சு.

கெளம்பும்போது அவங்கப்பா சொன்னாரு, "கூட்டத்தொடர் நடந்துக்கிட்டிருக்கு. முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்." பொண்ணு குடுக்கறதுக்கும் டெல்லிக்கும் என்னங்க சம்பந்தம்? ஆனா அவரு பழக்கம் அப்படி. அங்க சபை நடக்கறப்ப இங்க எந்த முடிவும் எடுக்க மாட்டாராம். நான் தெனமும் பேப்பரத் தொறந்து எப்படா முடியும், எப்படா முடியும்னு பாத்தேன். நாட்டு நடப்புல எனக்கு அவ்வளவு அக்கற அதுக்கு முன்னாலயும் வந்ததில்ல, பின்னாலயும் வந்ததில்ல.

ஒரு வழியா முடிஞ்சுது. பந்தல் போட்டாச்சு. செயலாளர் சீட்டுக் குலுக்குனாரு. எனக்கு விழுந்தது 'வீண்'.

அடப் பாவி மனுசான்னு ஓடுனேன். "அண்ணே, வாழ்க்கப் பிரச்சினண்ணே. பொண்ணோட அப்பா பட்டிமன்றம் கேக்க வர்றாராம், முன் வரிசையில ஒக்காரப் போறாரு. என்னயப் 'பயன்' பக்கம் மாத்தி விடுங்க"ன்னு கெஞ்சுனேன். அவரு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே, "பொண்ணு வரும் போகும் தம்பி. சீட்டு சீட்டுதான்"னுட்டாரு. அக்காவோ வயித்து வலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கடான்னா. போஸ்டர்ல பேரு போட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிட்டாங்க, எப்படிப் படுக்கறது? சரி, பேசுவோம், வாழப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி வலிக்காம பேசிட்டு எறங்கிருவோம்னு மேடை ஏறுனேன்.

அவரு முன் வரிசையில துண்ட மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. பொண்ணு பொம்பளைங்க பக்கம், அவங்கம்மாவோட. நான் மைக்கப் புடிச்சு, "ரொம்ப வீண்னு சொல்ல முடியாது, லேசா வீண்"னு ஆரம்பிச்சேன். என் அணிக்காரனே தலையில அடிச்சுக்கிட்டான். எதிரணியில ஒரு தமிழய்யா. சும்மா இருந்திருக்கலாம்ல? எழுந்து, "தம்பி வாயில இன்னிக்கு என்ன, கொழுக்கட்டையா?"ன்னு கேட்டுட்டாரு. பந்தல் பூரா சிரிச்சுது. அவளும் சிரிச்சா, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு. எனக்குக் காது மடல் சூடாயிருச்சு. அதுக்கு மேல பேசுனது நான் இல்ல, என் கோவம்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பசியோட ஒரு ஓட்டலுக்குப் போறீங்க. மாஸ்டரும் சர்வரும் தோசக்கல்லச் சுத்தி நின்னு சண்ட போடுறாங்க. ஒருத்தன் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு வெளிய போறான். இன்னொருத்தன் அடுப்ப அணச்சுட்டு, மதியானத்துக்கு மேல பாத்துக்கலாம்ங்கறான். முதலாளி அதப் பாத்து ரசிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நீங்க சாப்புட்டுட்டு வந்தேன்னு சொல்லுவீங்களா, பட்டினியா வந்தேன்னு சொல்லுவீங்களா?"

பின்னாலேருந்து எவனோ ஒரு படுபாவி கத்துனான், "பாடாலூரு!"

பந்தலே குலுங்கிருச்சு. அவரு ஓட்டல்ல மாஸ்டருக்கும் சர்வருக்கும் தெனமும் காலையில சண்டன்னு திருச்சி பஸ்ஸுல போறவன் வர்றவன் அத்தன பேருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது. சத்தியமா நான் அந்த ஓட்டல நெனச்சுச் சொல்லல. வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். கைதட்டுல கண்ணு மண்ணு தெரியாம, "சாம்பார் எங்கடான்னு கேட்டா, பரிசீலனையில இருக்குங்கறான்!"னு இன்னொண்ணும் போட்டேன். நடுவர் 'வீணே'ன்னு தீர்ப்பு சொல்லி எனக்கு மாலையப் போட்டாரு. மாலைய ஒதுக்கிட்டுப் பாக்கறேன், முன் வரிசையில அவரு நாக்காலி காலி. அங்குட்டுப் பாத்தா அவளும் இல்ல.

அந்த வாரமே அக்கா அரியலூர்லேருந்து பஸ் ஏறி வந்தா. ஒக்காரக்கூட இல்ல. "எதிர்க்கட்சியக் கொண்டாந்து வூட்டுக்குள்ள வச்சுக்க முடியாதுன்னு சொல்லிட்டாருடா. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? தவளையாவது மழைக்குக் கத்தும். நீ எதுக்குடா கத்துன?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. அக்கா முன்னால என்ன வெக்கம், அழுதேன். கைதட்டுன ஊர்ல ஒருத்தனும் வந்து எனக்குப் பொண்ணு குடுக்கலயே. சோறு எறங்கல, ஆபீஸ்ல கணக்கு ஓடல. காபி டம்ளரப் பாத்தாக்கூட "சக்கர போதுமா"ன்னு கேக்குது. போய்க் கால்ல விழுந்தாவது கேட்டுருவோம்னு ஒரு நாள் காலையில பாடாலூருக்கு பஸ் ஏறிட்டேன்.

ஓட்டல்ல அவ கல்லாவுல இருந்தா. என்னயப் பாத்துட்டு, சில்லறைய எடுத்து அடுக்க ஆரம்பிச்சா. அவங்கப்பா என்னயக் கவனிக்கல. சாப்புட்டுக்கிட்டிருந்த ஒரு லாரி டிரைவரோட எல முன்னால நின்னுக்கிட்டு, கூட்டத்தொடர் எப்படிப் போச்சுன்னு பாடம் நடத்திக்கிட்டிருந்தாரு. "எதுத்துக் கேக்க ஆளில்லாத சபை ஒரு சபையாய்யா? எதிர்க்கட்சின்னு ஒண்ணு இருந்தாத்தான்யா ஆளுறவன் ஒழுங்கா இருப்பான்." அந்த ஆளு வாய் நெறைய இட்லியோட தலைய ஆட்டுனான்.

அப்பதான் என்னயப் பாத்தாரு. மொகம் மாறிப் போச்சு. "வாங்க. மாஸ்டர் அடுப்பப் பத்த வச்சுட்டாரான்னு பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"மாமா, மன்னிச்சுக்குங்க. சத்தியமா உங்க ஓட்டலச் சொல்லல."

"ஓட்டல விடுங்க தம்பி. சபையச் சொன்னீங்கள்ல?"

இந்த எடத்துல ஆமா மாமா, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது. இந்தப் பாழாப்போன வாய் இருக்கே! "சபையச் சொன்னேந்தான். அதுல மாத்தம் இல்லைங்க"ன்னுடுச்சு. சொல்லிட்டு நானே நாக்கக் கடிச்சுக்கிட்டேன். போச்சு, எல்லாம் போச்சுன்னு திரும்பப் பாத்தேன்.

கல்லாவுலேருந்து சத்தம் வந்துச்சு. "ஏப்பா, எதுத்துக் கேக்க ஆளில்லாத சபை சபையே இல்லன்னு இப்பதான அந்த அண்ணன்கிட்ட சொன்னீங்க? வந்த ஆள வெளிய அனுப்புனா நம்ம வூடு மட்டும் என்னவாம்?"

அவரு டிரைவரப் பாத்தாரு. டிரைவர் இட்லிய முழுங்கிட்டு, "தங்கச்சி சொல்றது ஞாயந்தாண்ணே"ன்னான். வாசல்ல இருந்த கரும்பலகையப் பாத்தாரு. கடைசியா மகளப் பாத்து, "இவ ஒருத்தி!"ன்னு முணுமுணுத்தாரு. அப்புறம் உள்ள திரும்பி, "மாப்ளைக்கு ஒரு தோச போடு"ன்னாரு. மாப்ள! எனக்குக் கால் தரையில பாவல. மாஸ்டரும் சர்வரும் அன்னிக்கும் சண்டையில இருந்ததால தோச வர்றதுக்கு அர மணி நேரம் ஆச்சு. நான் ஒரு வார்த்த கேக்கல.

தை மாசம் கல்யாணம். புதுசுல ஒரு நாள், நான் சட்டக் காலர நிமித்திக்கிட்டு அவகிட்ட கேட்டேன். "அன்னிக்கு எனக்காகப் பேசுனியே, என் பட்டிமன்றப் பேச்சு அவ்வளவு புடிச்சிருந்துச்சா?"

விழுந்து விழுந்து சிரிச்சா. "உங்க பேச்சா? அந்தப் பேச்சுக்கு எங்கம்மா தூங்கிட்டாங்க. எங்க வூட்டுல எங்கப்பா வச்சதுதான் சட்டம். எதுத்து நின்னது நான் ஒருத்திதான். வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எதிர்க்கட்சியாவே இருந்து தொண்ட வத்திப் போச்சுங்க எனக்கு. நீங்க மன்னிப்புக் கேக்க பஸ் ஏறி வந்தீங்க, வந்த எடத்துலயும் மனசுல உள்ளத மாத்திச் சொல்லல. இப்படி ஒரு எதிர்க்கட்சி கெடைச்சா, நாமளும் ஒரு தடவ ஆளுங்கட்சியா இருந்து பாப்போமேன்னு தோணிச்சு. வந்துட்டேன்."

அன்னியிலேருந்து இன்னி வரைக்கும் எங்க வூட்டுல ஆட்சி மாறல. நான் எதுத்துப் பேசாத நாளும் இல்ல, ஜெயிச்ச நாளும் இல்ல.