பின்பக்கத்து டார்ச்

துறைமுகச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார் அவர். ஒடிசலான ஆள், சட்டைப் பையில் எப்போதும் மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் புடைத்துக்கொண்டிருக்கும். விடியுமுன் சைக்கிளில் உப்பளத்துக்குப் போகும் பெண்களை நிறுத்தி, பழைய டியூப்பிலிருந்து கீறிய ரப்பரால் சைக்கிளுக்கொரு டார்ச் கட்டி அனுப்புவார். காசு கேட்கமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த ஒரு மாலை, என் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றேன். நான் கேட்காமலே, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் ஒன்றை எடுத்து கேரியருக்கு அடியில் கட்டத் தொடங்கினார்.

“முன்னாலல்லா அண்ணாச்சி கட்டணும்? வழி தெரியாண்டாமா?” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “எம் மவளுக்கு முன்னாலதான் கட்டிவிட்டேன். பாத பளிச்சுனு தெரியுது, கவலப்படாதப்பான்னு சிரிச்சிட்டுப் போனா. பின்னால வந்த லாரிக்காரனுக்கு அவ தெரியல, டீச்சர்.”

அவர் ரப்பரை இன்னொரு சுற்று இழுத்து முடிந்தார்.

“ஏறிப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

கொஞ்ச தூரம் மிதித்துப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் சாலைக்குள் இறங்கி, எனக்குப் பின்னால் வந்த லாரியைக் கைகாட்டி மறித்திருந்தார். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் வெகுதூரம் வந்துவிட்டேன். அவர் இன்னும் வழி விடவில்லை.