பெருமாளிடம் கேட்ட ஆபரேஷன்

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அண்டா, குண்டான், நாற்காலி வாடகைக்குக் கொடுக்கிற கடை என்னுடையது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. பத்தாவது வரைக்கும் படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தப்பு செய்தேன், அதை எழுதி வைத்தால் மனசு லேசாகும் என்று தோன்றியது. உடம்பு ஏற்கெனவே லேசாகிவிட்டது.

2009ஆம் வருஷம் ஆனி மாதத்தில் என் எடை நூற்று அறுபத்திரண்டு கிலோ. அதைக் கண்டுபிடித்ததே பெரிய பாடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கு, பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து எடைகுறைப்பு ஆபரேஷன் செய்கிற டாக்டர் வருவார். அங்கே இருந்த மிஷினில் நான் ஏறினேன். முள் நூற்று முப்பது வரைக்கும் போய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. வேறு எங்காவது எடை போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அவன்தான் என்னை மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூட்டை நிறுக்கிற தராசு அங்கே இருந்தது. நான் ஏறி நின்றதும் மண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டைப் பயிறும் மேல ரெண்டு கிலோவும்" என்றார். உரித்த மல்லாட்டைப் பயிறு மூட்டைக்கு எண்பது கிலோ.

"சாக்கு எடைய கழிச்சிட்டீங்களா?" என்று மச்சான் கேட்டான்.

"வேட்டி சட்ட இன்னா எட வந்துறப் போவுது? அப்படியே எழுதிக்கப்பா."

டாக்டர் என் உயரத்தையும் இந்த எடையையும் கணக்குப் போட்டு, பி.எம்.ஐ. ஐம்பத்தேழு என்றார். எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். இருபத்தைந்துக்குள் என்றார். மச்சான் என் காதருகே குனிந்து, "ரெண்டு பேரு இருக்கீங்க மாமா" என்றான்.

டாக்டருக்கு என் எடையைவிட, என் மனைவி சொன்ன விஷயம்தான் கவலையாக இருந்தது.

"தூங்கும்போது இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். படுத்த உடனே தூங்கிடுவேன். மனசு சுத்தம்" என்றேன்.

"மனசு சுத்தமா இருக்கட்டும், தொண்டை அடைக்குதே? இப்படியே விட்டா ஒரு நாளைக்கு நின்ன மூச்சு நின்னதுதான்" என்று அவர் சிரிக்காமல் சொன்னார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு தாளை எடுத்து வயிற்றைப் படமாகப் போட்டார். என் வயிறு அத்தனை சின்னதாக நான் பார்த்ததே இல்லை. வயிற்றைச் சுற்றி பெல்ட் மாதிரி ஒன்றைப் போடுவதும் உண்டாம், ஆனால் என் எடைக்கு அது சரிப்படாதாம். மீதி இரண்டு வழி. ஒன்று ஸ்லீவ். வயிற்றை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, பூவன்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்கள். இன்னொன்று பைபாஸ். மேல் வயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பை செய்து, அதில் குடலைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு பழைய வயிற்றுப் பக்கமே போகாது.

"உங்களுக்கு சுகரும் ஜாஸ்தி, நெஞ்செரிச்சலும் இருக்கு. எனக்கு பைபாஸ்தான் நல்லதுன்னு படுது. ஸ்லீவ் பண்ணினா எடை குறையும், ஆனா எதுக்களிப்பு கூடலாம். பைபாஸ்ல ஒரு சங்கடம், இனிப்பு தொடக்கூடாது. சாப்பிட்டா சில பேருக்குப் படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும், வயித்தால போவும்."

எனக்கு அப்போதே வேர்த்துவிட்டது. "சர்க்கரைப் பொங்கல் டாக்டர்?"

"பேர்லயே சர்க்கரை இருக்கேங்க."

"அது பிரசாதம்."

"உங்களுக்கு பிரசாதம். குடலுக்குத் தெரியாதே."

சனிக்கிழமைதோறும் நான் திருவந்திபுரம் போகிறவன். கல்யாணமான நாள் முதல் விட்டதில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்வது, வாசலுக்கு வந்த பெருமாளைத் திருப்பி அனுப்புவது மாதிரி. இது பக்திதான், பொய் இல்லை. ஆனால் ஒரு தொன்னையோடு பக்தி நிற்காமல், நான் துண்டை வேறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நிற்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அடுத்த தடவை நான் வரும்போது முடிவு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"பெருமாள்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எதையும் தீர்மானிக்க முடியாவிட்டால் பூ கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வெற்றிலையில் வெளியே தெரியாமல் மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். என் பெண்ணுக்கு வரன் பார்த்தது, கடைக்கு இடம் மாற்றியது எல்லாம் இப்படித்தான்.

சிவப்பு வந்தால் பைபாஸ், வெள்ளை வந்தால் ஸ்லீவ் என்று வீட்டில் மூன்று பேரும் பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் சிவப்பு அரளி. வலது பக்கம் நந்தியாவட்டை. என் கை நந்தியாவட்டையை எடுத்துக் கட்டியது. இரண்டாவது வெற்றிலையை விரித்ததும், அரளி விஷச்செடி ஆயிற்றே, பெருமாள் காலடியில் வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. தினமும் அதே அரளியை மாலையாகக் கட்டிப் போடுகிறவன்தான் நான். இருந்தாலும் அன்றைக்கு அந்த யோசனை எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. இரண்டாவது பொட்டலத்திலும் நந்தியாவட்டைதான் போனது.

அன்று திருவந்திபுரத்தில் முகூர்த்தக் கூட்டம். மாலையும் கழுத்துமாகப் பத்துப் பதினைந்து ஜோடி. அதற்கு நடுவே பட்டாச்சாரியார் என் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, "என்ன காரியம்?" என்று கேட்டார்.

"ஆபரேஷன் சாமி."

"பண்ணிக்கலாமா வேண்டாமான்னா?"

"எதைப் பண்ணிக்கறதுன்னு. ரெண்டு தினுசு இருக்கு."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் பண்ணிண்டாலும் உடம்பு தாங்கும் ஓய்" என்று சொல்லி உள்ளே போனார். திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை என் மனைவியிடமும், ஆற்றில் விடச் சொல்லி மற்றதை என்னிடமும் கொடுத்தார். அவள் பிரித்தாள். வெள்ளை.

"வெள்ளை!" என்று நான் ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது என்று மச்சான் பிற்பாடு சொன்னான். அந்தச் சந்தோஷத்தில் மூன்று தொன்னை பொங்கல் சாப்பிட்டேன். சாப்பிட்ட மயக்கத்தில், மற்ற பொட்டலத்தைக் கெடில ஆற்றில் விடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் மனைவி துணி துவைக்க உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் வெற்றிலை பிரிந்து, நந்தியாவட்டை மேலே மிதந்திருக்கிறது. அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் எட்டாவது இட்லியில் இருந்தேன்.

"இது இன்னாங்க?"

"பூ."

"இன்னா கலரு?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "டாக்டர ஏமாத்துங்க, என்ன ஏமாத்துங்க. பெருமாளயே ஏமாத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்பதாவது இட்லி எனக்கு இறங்கவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மச்சானைத்தான் போன் போட்டு வரவழைத்தாள்.

அவன் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, எலெக்‌ஷன்ல ரெண்டு பொத்தானும் ஒரே சின்னமா!"

"நீ வாய மூடுறா" என்று அவனை அடக்கிவிட்டு, அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "திருவந்திபுரத்துக்கு இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவீங்க? எங்க ஊருக்கு வாங்க. அங்க ரெண்டு பேரும் இருக்காங்க. நடராஜர சாட்சியா வச்சிக்கினு பெருமாள்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அவள் பிறந்த ஊர் சிதம்பரம். அந்தக் கோயிலில் ஓர் இடத்தில் நின்றால் இந்தப் பக்கம் நடராஜர் ஆடிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் கோவிந்தராஜப் பெருமாள் படுத்துக்கொண்டிருப்பார். அடுத்த நாளே போனோம். அங்கே நின்று, பெருமாளே, பொங்கலுக்கு ஆசைப்பட்டு உன்னிடமே பொய்ச் சீட்டு நீட்டிவிட்டேன், மன்னித்துவிடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அழுகையும் வந்தது. ஆனால் எந்த ஆபரேஷன் என்பது மட்டும் அப்போதும் முடிவாகவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதே நடராஜர் பக்கம் திரும்பி ஸ்லீவுக்கு ஒரு விண்ணப்பம் போடலாமா என்று மனசு அலைந்தது.

நடந்த களைப்பில் பிராகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று சுகமாக வந்தது. கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது என் மடியில் இரண்டு வாழைப்பழமும், ஒரு முழத் துளசி மாலையும் இருந்தன. மச்சான் எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வடக்கத்திக்காரங்க ஒரு பஸ்ஸு வந்தாங்க மாமா. நெத்தில நாமம், வெத்து மார்பு, இந்த ஒடம்பு. அசையவே இல்லியா, பெரிய யோகின்னு நெனச்சி வரிசையா கால்ல வுழுந்துட்டுப் போறாங்க. 'மஹராஜ் சுவாசத்தையே நிறுத்திட்டாரு'ன்னு ஒருத்தரு ஜாடைல காட்றாரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டை விரலால் மற்ற விரல்களின் ரேகையைத் தொட்டு எண்ணியபடியே இருந்தவள், நான் விழித்ததும் நிறுத்தினாள்.

"இன்னா எண்ணற? சிவாய நமவா?"

"ஒண்ணுமில்ல."

மச்சானின் சிரிப்பு அடங்கியிருந்தது. "எவ்ளோக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இருபத்தெட்டு" என்றாள்.

அவன்தான் எனக்குச் சொன்னான். நான் தூங்கும்போது மூச்சு நின்றால் அவள் எண்ண ஆரம்பிப்பாளாம். முப்பது வந்தால் உலுக்கிவிடுவாளாம். இரண்டு வருஷமாக, நான் தூங்குகிற நேரமெல்லாம். தூக்கத்தில் உலுக்குகிறாளே, என் குறட்டையைப் பொறுக்க முடியாத ராட்சசி என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு அடுத்த நிமிஷம் தூங்கியிருக்கிறேன். அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்க" என்றாள். "முப்பது வரைக்கும் எனக்கு தைரியம் இருக்கு. அதுக்கு மேல இல்ல."

கோயிலில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. பழத்தை மச்சான் சாப்பிட்டான்.

சனிக்கிழமை டாக்டரிடம் பைபாஸ் என்றேன். "பெருமாள் சொல்லிட்டாரா?" என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் இப்ப பேசிக்கறதில்ல டாக்டர், நீங்க பண்ணுங்க" என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் கொழுப்பு குறைய இரண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். அந்த இரண்டு வாரத்தில் என் கடை அண்டாக்களை எடுத்துக்கொண்டு ஐந்து கல்யாணக்காரர்கள் போனார்கள். ஐந்து பேரும் பத்திரிகை வைத்தார்கள். பெருமாளின் தண்டனை அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் ஆவணிக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. மார்கழித் திருவாதிரைக்கு நன்றி சொல்லச் சிதம்பரம் போகும்போது நூற்று இருபதுக்கு வந்திருந்தேன். திருவாதிரைக் களி கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே ஒரு பருக்கையை நாக்கில் வைத்தேன். படபடப்பு வரவில்லை, ஒரு பருக்கையானாலும் பிரசாதம் பிரசாதம்தான். மீதி முழுவதையும் என் மனைவி சாப்பிட்டாள். அது போதாமல், முன்பு நான் நின்ற மாதிரி அவளும் வரிசையில் இரண்டாம் தரம் போய் நின்றாள்.

திரும்பி வரும்போது பாண்டி பஸ்ஸில் ஏறினோம். முன்பெல்லாம் இரண்டு பேர் சீட்டு எனக்கே பற்றாது, அவள் வேறு எங்காவது போய் உட்காருவாள். அன்றைக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு. அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"கடலூர் எறங்கு, கடலூர் எறங்கு" என்று கண்டக்டர் எங்களிடம் வந்தார். "எறங்கலியா? ஒங்களுக்கு இங்கதான டிக்கெட்டு?"

"பாண்டிக்கு ரெண்டு குடுங்க" என்றேன் சன்னமாக.

"பாண்டில இன்னா வேல?"

"ஒரு வேலயும் இல்லீங்க. இவ தூங்கறா."

"பாண்டி வந்தும் முழிக்கலன்னா?"

"பஸ்ஸு திரும்பி வரும் இல்ல?"

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, வாய் வரைக்கும் கொண்டுபோன விசிலைக் கீழே விட்டார். பின்படிக்குப் போய், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, வண்டியை எடுக்கச் சொன்னார்.