குப்பைத்தொட்டிக்கு வராத குறடு

கலீர்... என்று ஒரு சின்னச் சத்தம்.

பளிங்குத் தரையில் விளக்குமாறு போகும்போது, வெட்டி விழுந்த கம்பித் துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வளைகுடாவில் ஒரு எலக்ட்ரோனிக்ஸ் திருத்தும் வேர்க்‌ஷொப். நான் அங்கே கூட்டித் துடைக்கிறவள். போவதற்கு முன்பே மட்டக்களப்பில் ரேடியோ, ரிவி திருத்தும் கோர்ஸ் முடித்து சேர்ட்டிபிகேட்டும் எடுத்திருந்தேன். ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

சரி, விளக்குமாற்றைத்தானே தந்தீர்கள்... நான் குப்பையைப் படித்தேன்.

சேர்க்கிட் போட்டில் பாகங்களை ஈயம் வைத்து ஒட்டிய பிறகு, மிஞ்சும் கம்பிக் காலைச் சின்னக் குறட்டால் வெட்டுவார்கள். நல்ல குறடு வெட்டிய துண்டின் முனை தட்டையாக, கண்ணாடி மாதிரி மினுங்கும். மட்டமான குறடு வெட்டியது நசுங்கி, முள்ளாகி, என் கையுறையையும் தாண்டிக் குத்தும். யாருடைய மேசையில் என்ன குறடு என்று மேசையைப் பார்க்காமலே சொல்வேன்.

குப்பைத்தொட்டியும் அப்படித்தான். ஈயம் உருக்கி முனை தின்னப்பட்ட அயன்கள், வாய் மழுங்கிய ஸ்குறூ டிரைவர்கள், வயர் அறுந்த, கரண்ட் அளக்கும் மீற்றர்கள் வாராவாரம் வந்து விழும். சில சாமான்கள் மட்டும் இரண்டு வருசத்தில் ஒரு நாளும் அந்தத் தொட்டிக்கு வரவே இல்லை. அவற்றின் கம்பெனிப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வரும்போது அந்தப் பெயர்களைத்தான் வாங்கி வந்தேன்.

வெளிநாட்டுப் பெட்டி பிரிப்பது எங்கள் கல்லடியில் ஒரு சின்னத் திருவிழா. அம்மா, அக்கா, அத்தான், பக்கத்து வளவு மாமி எல்லோரும் பாயில் வட்டமாக. சொக்லேட் வந்தது, சவர்க்காரம் வந்தது, துவாய்கள் வந்தன. கடைசியாக ஒரு துவாய்ச் சுருளை அம்மா ஆசையோடு விரித்தார். உள்ளே ஒரு அயன், ஒரு மீற்றர், ஆறு ஸ்குறூ டிரைவர், ஒரு குறடு. அம்மாவின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன்.

அதற்குள் அத்தான் குறட்டைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார். கோழிக்கூட்டுக்குக் கம்பி கட்ட வேண்டுமாம்.

டிக்.

ஓடிப்போய்ப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மெல்லிய செப்புக்கால் வெட்டுகிற வாயில், கூட்டுக் கம்பியின் அளவுக்கு ஒரு பள்ளம். நான் போட்ட சத்தத்தில் கோழிகளே கலைந்து ஓடின.

"ஒரு குறட்டுக்குப் போய் இப்பிடிக் கத்துறாய்? டவுனுக்குப் போனா நாலு வாங்கலாம்," என்றார் அத்தான்.

வீடு பாதியில் நிற்கிறது, அடுத்த கொன்றாக்டுக்கு ஏஜென்சிக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவள் குறட்டுக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று அம்மா அழுதார்.

"நான் திரும்பிப் போகமாட்டன். இஞ்ச இருந்துதான் வேல செய்யப்போறன். இந்தச் சாமான்ல இனி ஆரும் கை வைக்கப்படாது," என்றேன். சொல்லிவிட்டேன். வேலை வராவிட்டால் மறுபடியும் விளக்குமாறுதான்.

அடுத்த நாள் வேறு குறடு வாங்க டவுனுக்கு, புளியந்தீவுக்குப் போனேன். டூல்ஸ் கடைக்காரர் முஸ்லிம் அண்ணர், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முப்பது சாமான் அடங்கிய பளபளப்பான பெட்டியைக் காட்டினார். நான் பையிலிருந்து செப்புக் கம்பியை எடுத்து, அதிலிருந்த குறட்டால் வெட்டி முனையைப் பார்த்தேன். முள். அடுத்ததையும் வெட்டினேன். அதுவும் முள். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறீர்களா என்று நானா சிரித்தார். அவருடைய சொந்த மேசையில், இழுத்துத் திறந்திருந்த லாச்சிக்குள் ஒரு பழைய குறடு கிடந்தது. கேட்டு வாங்கி அதையும் வெட்டிப் பார்த்தேன். தட்டை, மினுக்கம்.

"இது விக்கிறல்ல தங்கச்சி. என்ட பாவிப்புக்கு."

"அதாலதான் நானா கேக்கிறன்."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதே மாதிரிக் குறடு ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார்.

வீட்டில் மேசை போட்டுக் காத்திருந்தும் மூன்று மாதம் ஒரு குருவிகூட வேலை கொண்டு வரவில்லை. உப்புக்காற்றுக்குச் சாமான்களை எண்ணெய்த் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமே என் வேலை. அம்மா என் பாஸ்போட்டைத் தூசி தட்டி அலுமாரியின் மேல் தட்டிலேயே வைத்திருந்தார்.

பிறகு அம்மன் கோயில் திருவிழாவான சடங்கு வந்தது. தொடங்குகிற அன்று காலையில் ஸ்பீக்கர்காரரின் அம்பிளிபயர் படுத்துவிட்டது. டவுன் கடைகள் திருத்த ஒரு கிழமையாகும் என்றன. வேறு வழியில்லாமல் மனுசன் என்னிடம் வந்தார். நெருக்கமான போட். பழுதான பாகங்களை மாற்றி ஒட்டி, பக்கத்துக் கால்களில் முட்டாமல், மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகத் தட்டையாக வெட்டினேன்.

பின்னேரம் கோயில் பக்கமிருந்து ஸ்பீக்கரில் உடுக்குச் சத்தம் தெளிவாக வந்தது. அம்மா குசினியில் சமையலை விட்டு வாசலில் வந்து நின்று கேட்டார்.

"நீ திருத்தினதா புள்ள?"

"ஓம்மா."

அடுத்த நாள் பாஸ்போட் மேல் தட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவுமில்லை.

இப்போது ஆளுக்காள் போனில் நட்சத்திரத்தை எண்ணி டூல்ஸ் ஓடர் பண்ணுகிறார்கள். என்ன வாங்கலாம் அக்கா என்று இன்பாக்ஸிலும் கேட்கிறீர்கள். வெட்டிப் பாருங்கள், முனையைப் பாருங்கள். விற்கிறவர் தனக்கென்று எதை வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

என் வீட்டுச் சுவர் இன்னும் பூசவில்லை. மேசை மட்டும் நல்ல பலகையில் இருக்கிறது. பள்ளம் விழுந்த குறட்டுக்குச் சிவப்பு டேப் சுற்றி வாசல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். இரவல் கேட்கிற எல்லோருக்கும் அதுதான். கஞ்சத்தனம் என்கிறார்கள். சொல்லட்டும்.

போன கிழமை அத்தான் வந்தார். மேசையில் கிடந்த நல்ல குறட்டில் கண்.

"இதத் தா புள்ள, வேலிக்கு ஒரு கம்பி வெட்டணும்."

நான் வாசல் ஆணியைக் காட்டினேன். அவர் எடுத்து, பெருவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார்.

"இது... அண்டைக்கு நான் பழுதாக்கினதெல்லோ?"

"ஓம் அத்தான். உங்கட கம்பி அந்தப் பள்ளத்துக்குள்ள சரியா இருக்கும்."