பன்றிக்கு வீசிய வலை

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூர் முள்காட்டில் பன்றிகள் சொந்தக்காரர் இல்லாமல் திரிந்து காட்டுப் பன்றிகளாகவே மாறியிருந்தன. என் மனைவியின் அக்காள் கணவர் சவரி, ஒன்றை ஈட்டியால் குத்தி, கிறிஸ்துமஸுக்கு எங்கள் ராயபுரம் தெரு முழுக்கக் கறி கொடுத்தார்.

"ஆம்பளன்னா எங்கக்கா வூட்டுக்காரரு. நீயும் கீறியே!" என்றாள் என் மனைவி. என் தட்டிலிருந்த கறியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

நான் மீன் பிடிக்கிறவன். ஈட்டி எதற்கு, வீச்சுவலை போதும் என்று மறுவாரமே கிளம்பினேன். வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் சவரி ஈட்டியோடு கூடவே வந்தார்.

புதரிலிருந்து வெளிவந்த பன்றியின் மேல் வலை அழகாக விரிந்து விழுந்தது. ஆனால் மீனுக்கு வீசும் பழக்கத்தில் வலைக் கயிற்றை மணிக்கட்டில் சுருக்கிட்டிருந்தேன். பன்றி ஓட, நானும் முள்ளில் இழுபட்டேன். திடீரென்று அது திரும்பிப் பாய்ந்து, கோரைப்பல்லால் என் தொடையைக் கிழித்தது.

"கயித்த அவுறு சகல, அவுறு!" என்று சவரி கத்தினார். சுருக்கு இறுகிவிட்டது. அவரே ஓடிவந்து பன்றியைக் குத்திச் சாய்த்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், அடுப்பில் அதே பன்றியின் கறி. "சவரி மாமா குடுத்தனுப்புனாரு. இன்னா ருசி!" என்று என் மனைவி இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் மீனுக்கு வீசினாலும் கயிற்றைக் கையில் கட்டுவதில்லை, பிடித்துக்கொள்வதோடு சரி. வாசகர்களே, பன்றி வேட்டைக்குப் போகாதீர்கள். போயே தீர வேண்டுமென்றால், சகலையைக் கூட்டிப் போகாதீர்கள்.