கண்ணாடியில் தெரிந்த பெரியப்பா

இங்கிலாந்தில் எடுத்த அந்தப் பழைய பேய்ப் படங்களையெல்லாம் என் மகள் தன் கம்ப்யூட்டரில் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். போன மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கறுப்பு அங்கி போட்ட நெட்டையான துரை ஒருவர் கண் சிவந்து வருவார், பெண்களின் கழுத்தில் கடிப்பார், கடைசியில் செத்துப்போவார். ஒரு படத்தில் வெயில் பட்டுச் சாம்பலாகிறார். அடுத்த படத்தில் அந்தச் சாம்பல்மேல் ரத்தத்தை ஊற்றி எழுப்பிவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீரில் மூழ்குகிறார், அதற்கடுத்ததில் பனிக்கட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிறார். வரிசைப்படி பார்த்தால் எல்லாம் புரிந்துவிடுகிறது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நானும் பெரியம்மாவும் அவற்றைப் பார்த்தது எழுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்துத் தியேட்டர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சியில். எந்தப் பிரதி கிடைக்கிறதோ அதை ஓட்டுவார்கள். போன மாதம் சாம்பலானவர் இந்த மாதம் எந்த விளக்கமும் இல்லாமல் கோட்டை வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்பார். பிரதியும் தேய்ந்துபோனது, வெட்டுப்பட்டது. பல் கழுத்தை நெருங்கும், உடனே படம் தாவிவிடும், குதிரை வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் தெரியாது.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. உத்திரமேரூரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். பெரியப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே லாரியில் கிளீனராகப் போனவர். ஆந்திரா பக்கம் மலைப்பாதையில் அந்த லாரி உருண்டு எரிந்துவிட்டது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாத ஒன்றுக்கு அங்கேயே கொள்ளி வைத்துவிட்டு வந்தார். ஊரில் காரியம் நடந்தது. பெரியம்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் இருந்ததை எடுத்தார்கள். பெரியப்பாவின் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அந்தப் போட்டோவில்தான்: வெள்ளைச் சட்டை, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலான மீசை.

அதற்கப்புறம் பெரியம்மா தையல் கற்றுக்கொண்டாள். கூடத்து ஜன்னலோரம் மிஷின் போட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலும் லைனிங் துணியும் வாங்கக் காஞ்சிபுரம் போவாள். துணைக்கு நான். எட்டு வயதுப் பெண் என்ன துணை என்று யாரும் கேட்கவில்லை. நூல்கடைக்குப் போகும் முன் காலைக்காட்சிக்குப் போவோம். இதை வீட்டில் சொல்லக்கூடாது என்று பெரியம்மா ஒருபோதும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. தமிழ்ப் படத்துக்குப் போனால் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கிலீஷ் பேய்ப் படத்துக்கு நம்ம பக்கத்து ஜனம் வராது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. அப்போது, பெரியம்மாவுக்குப் பேய் என்றால் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பேயைவிட அவள் துணியைத்தான் பார்த்தாள். துரையின் அங்கிக்கு உள்ளே சிவப்பு சாட்டின் லைனிங் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அந்தப் பெண்கள் படுக்கும்போது போடும் கவுனில் கைப்பகுதி புஸ்ஸென்று இருப்பதைப் பார்த்து வந்து, அதேபோல ஜாக்கெட் தைத்தாள். அந்த வருஷம் உத்திரமேரூரில் கல்யாணமான பெண்கள் பாதிப் பேர் பேய் கடித்த பெண்களின் கையைத்தான் போட்டிருந்தார்கள். இன்னொரு வரிசைப் படம் உண்டு. ஒரு டாக்டர் செத்தவர்களின் கை கால்களைச் சேர்த்துத் தைத்து ஒரு ராட்சதனை உண்டாக்குவார். அவன் எழுந்து நடந்தபோது தியேட்டரே பயந்தது. பெரியம்மா மட்டும் முகம் சுளித்து, "இன்னா தையலு இது, ஒரு பக்கமா இஸ்துகினு கீது" என்றாள்.

கதையை நாங்களே இருவரும் சேர்ந்து கட்டிக்கொள்வோம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்த வேலை நடக்கும். செத்தவர் எப்படித் திரும்ப வருகிறார் என்பதில் எங்களுக்குக் கடைசிவரை ஒரு முடிவு ஏற்படவில்லை. ஆனால் சில சட்டங்களைக் கண்டுபிடித்திருந்தோம். வெயில் ஆகாது. பூண்டு ஆகாது. கண்ணாடியில் முகம் தெரியாது. முக்கியமாக, அவராக வீட்டுக்குள் வரமாட்டார்.

"பாத்தியா, அவளேதான் போயி ஜன்னல தெறந்து வுட்றா" என்றாள் பெரியம்மா ஒருமுறை. "கூப்டாம அவன் வரல. அந்த மட்டுக்கும் மரியாத தெரிஞ்சவன்."

அந்த வருஷம் கோடை லீவில் ஒருநாள், அப்பாவும் அம்மாவும் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். பெரியம்மா மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. தாடியில் நரை. ஆள் ரொம்ப இளைத்திருந்தார். ஆனால் மீசை இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். போட்டோ அங்கேயேதான் இருந்தது. மறுபடி வாசலைப் பார்த்தேன். அவரும் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்ட தன் படத்தை ஒருவர் அப்படி நின்று பார்ப்பதை அதற்குமுன் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

மிஷின் நின்றது. பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. 'வாங்க' என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

அவர் படியேறவில்லை. வெயிலிலேயே நின்றார். "யாரு கொயந்த நீ? சின்னவன் பொண்ணா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த எல்லாச் சட்டங்களும் ஒன்றோடொன்று மோதின. செத்தவர் வந்திருக்கிறார், அது சரி. கூப்பிடாமல் உள்ளே வரமாட்டேன் என்று நிற்கிறார், அதுவும் சரி. ஆனால் வெயிலில் நிற்கிறாரே. கால் அருகே குட்டையாக நிழல்கூட விழுந்திருந்தது. பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எழுந்துபோய், அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்து வந்தேன். படியில் நின்று கையை நீட்டி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவசரத்தில் மறந்துவிட்டது. அவருக்குத்தான் அவர் தெரிந்தார், எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார். தாடியைத் தடவினார். கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே நர" என்றார்.

அவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் அவர் முகம் இருந்தது. கண் சிவந்துதான் இருந்தது, ஆனால் பல் சாதாரணப் பல். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. பேய் இல்லை என்று ஆனதும், வீட்டு வாசலில் ஒருவரை நிற்கவைத்திருக்கிறோமே என்று கூச்சமாகிவிட்டது. யார் வந்தாலும் கூப்பிட வேண்டும் என்றுதான் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"உள்ள வாங்க பெரிப்பா" என்றேன்.

அவர் உடனே வரவில்லை. பெரியம்மாவை ஒருமுறை பார்த்தார். அவள் நிமிரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்று அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். ஊசியிலிருந்து நூல் எப்போதோ கழன்றிருக்கிறது. துணி முழுக்க வரிவரியாக ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அப்புறம் வீடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அப்பா அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா ஆலத்தி சுற்றினாள். ஊரே வந்து பார்த்தது. அந்த லாரியிலிருந்து முந்தின ஊரிலேயே சண்டை போட்டு இறங்கிவிட்டாராம். அதற்கப்புறம் ஏழு வருஷம் எங்கே இருந்தார், ஏன் ஒரு கார்டுகூடப் போடவில்லை என்று கேட்டவர்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊர் சொன்னார். என்னிடம் கடல் என்றார்.

காரியம் செய்து முடித்த ஆளை அப்படியே வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று கோயில் ஐயர் சொன்னார். மறுபடி பிறந்ததாகக் கணக்கு வைத்து, தலைக்கு ஊற்றி, பெயர் வைக்க வேண்டுமாம். நாற்பது வயதுக் குழந்தையின் காதில் அப்பா மூன்று முறை பெயரைச் சொன்னார். அதே முகூர்த்தத்தில் பெரியம்மாவுக்குத் தாலியும் கட்டினார்கள். சிவப்புப் புடவையில், நெற்றியில் பொட்டோடு அவளை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அழகாக இருந்தாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்களைப் போல, கையைச் சற்றே விலக்கி, ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா நல்லவர்தான். குரல் உயர்த்தியதில்லை. சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. பெரியம்மா தைக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஆம்பிளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் அளவு கொடுக்கப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அதனால் மிஷின் உள்ளறைக்குப் போனது. அங்கே வெளிச்சம் போதாது. காஞ்சிபுரத்துக்கு அவ்வளவு தூரம் நாங்கள் எதற்கு அலைய வேண்டும் என்று அவரே போய் நூல் வாங்கி வந்தார். மாம்பழ மஞ்சள் கேட்டால் எலுமிச்சை மஞ்சள் வாங்கி வருவார். பெரியம்மா அதையே வாங்கி வைத்துக்கொள்வாள். காலைக்காட்சி அத்தோடு முடிந்தது.

ஒருநாள் உள்ளறையில் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி கூப்ட்ட?" என்றாள். கோபமே இல்லை. வழி தவறி வந்தவரிடம் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். "கண்ணாடில தெரிஞ்சாரு பெரிம்மா."

அவள் சிரித்தாள். அவர் வந்த பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். வாயைப் பொத்திக்கொண்டு, மிஷின்மேல் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவள் இன்னும் சிரிக்கிறாளா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஆடி பிறந்ததும் மானாம்பதியிலிருந்து அவள் தம்பி மாட்டு வண்டியோடு வந்தார். வண்டியில் மிஷினை ஏற்றினார்கள். அப்பா பதறிப்போனார்.

"அண்ணி, ஏழு வருசம் இருந்தீங்க. இப்ப அண்ணனும் வந்துட்டாரு. இன்னா கொற உங்களுக்கு?"

"கொற ஒண்ணும் இல்ல தம்பி. கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன்" என்றாள் பெரியம்மா.

வண்டியில் மிஷின் ஆடாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டியது பெரியப்பாதான். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் ஏழு வருஷம் இருந்தவள், புருஷன் வந்ததும் கிளம்பிவிட்டாள். பெரியம்மாவுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்றாள் ஒருத்தி, காத்து கருப்பு என்றாள் இன்னொருத்தி. எல்லாம் என்னால்தான் என்று எனக்குத் தோன்றியது. சும்மா நின்றிருந்தவரை நான்தானே உள்ளே கூப்பிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அம்மா என்னை மானாம்பதிக்குக் கூட்டிப்போனாள். தம்பி வீட்டை ஒட்டி ஓர் அறை. தெருப்பக்கம் பெரிய ஜன்னல், அதன் ஓரம் மிஷின். பெரியம்மா பொட்டோடும் தாலியோடும்தான் இருந்தாள். எனக்குப் பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டே, "அவரு நல்லா சாப்ட்றாரா?" என்று கேட்டாள். புறப்படும்போது பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

வீட்டில் பிரித்தால், ஒரு வெள்ளைச் சட்டை. பெரியப்பா போட்டுப் பார்த்தார். போட்டோவில் இருந்த ஆளுக்கு அது இறுக்கிப் பிடித்திருக்கும். இப்போதைய இளைத்த தோளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"எப்ப அளவு குடுத்த?" என்றார் அப்பா.

"குடுக்கல" என்றார் அவர்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரு விலைக்கு வந்திருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் மானாம்பதி பஸ் ஏறுவார். தலைக்குக் குளித்து, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். "வெள்ள சட்ட போட்டுகினு யாராவது எரு வாங்கப் போவாங்களா" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா அவளைப் பார்த்துச் சும்மா இருக்கும்படி தலையாட்டினார். சாயங்கால பஸ்ஸில் பெரியப்பா திரும்பி வருவார். வண்டி வராது, மூட்டை வராது. முகம் மட்டும் தெளிவாக இருக்கும். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தது. அத்தனை தடவை போயும் ஒரு கூடை எருகூட வாங்கத் தெரியாதவர் என்றுதான் பெரியப்பாவைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.