நகர மண்டபத்து ஜாகா

எங்கள் பழைய நகர மண்டபத்தில் இப்போது ஓவியக் கண்காட்சிதான் நடக்கிறது. நகராட்சி அலுவலகம் இடம் மாறிப் பல காலமாகிறது. வாசலில் ஒரு ஜாகா, மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிய காவலாளி. நான் போன அன்று ஓர் அக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, தெருவிளக்கு எரியவில்லை என்று மூச்சுவிடாமல் முறையிட்டார். அவர் நின்றபடியே "அடடா" போட்டுக் கேட்டார்.

"ஆபீஸ் இங்க இல்லன்னு சொல்லக் கூடாதா அண்ணே?" என்றேன்.

"மொதல்ல அதத்தான் சொல்றேன் லா. தெரியும்னு சொல்லிக்கிட்டே உக்காந்துடுறாங்க. அங்க போனா நம்பர் எடுக்கணும். இங்க நான் சும்மாதானே நிக்கிறேன்?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். திரும்பும்போது நாற்காலி காலியாக இருந்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு முன்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடையைப் பற்றி ஆசை தீரப் பேசிவிட்டுத்தான் எழுந்தேன்.

சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. அடுத்த கண்காட்சி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.